வியாழக்கிழமை லீவு

அம்மா,

வேலை விட்டு வந்ததும் டீ போட நீ முதலில் திறப்பது சர்க்கரை டப்பாதான். அதனால் இதற்குள் வைக்கிறேன். அப்பா இதைத் தொடவே மாட்டார்.

உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நம் நாலு பேரும் தலைநகருக்குப் போவதாக ரகசியமாகத் திட்டம் போட்டிருந்தேன். ரயில், அறை, ஆற்றில் படகு எல்லாம் ஆயிற்று. உன் லீவு மட்டும்தான் பாக்கி. பெரியம்மா வீட்டுக்கு நீ போவதை எப்படியாவது தள்ளிவைத்துவிடலாம் என்று நினைத்து, காலையில் உன் தையல் கூடத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு லீவு கேட்டேன்.

"அதான் உங்கம்மா வாரம் முழுக்க லீவு எழுதிக் குடுத்துட்டாங்களே! வியாழக்கிழமை ஆபரேஷன், வயித்துல கட்டின்னாங்க. உனக்குத் தெரியாதா கண்ணு?"

"தெரியும்" என்று பொய் சொல்லி போனை வைத்தேன். பிறந்தநாள் அன்றைக்கா அம்மா? எங்களிடம் "அக்கா வீட்டுல ஒரு வாரம் தங்கிட்டு வரேன்" என்றாயே! "உனக்கு எங்களைவிட உன் அக்காதான் பெருசு" என்று முந்தாநாள் கத்தினேனே, அப்போதுகூட வாயைத் திறக்கவில்லையே!

எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டேன். நானும் லீவு போட்டாயிற்று. ஆஸ்பத்திரியில் உன்கூட நான்தான் இருப்பேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. ஆறியிருந்தால் சூடு பண்ணிச் சாப்பிடு. தம்பிக்குத் தெரிய வேண்டாம், பரீட்சை முடியட்டும். அப்பாவிடம் நீயே சொல்லு.

பெரியம்மாவுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் அந்தச் சண்டை தனி.

இன்னொன்று. உனக்குப் பயமாக இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.