வாராவாரம் புதியவன்

என் வீட்டு மகாராணிக்கு ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, தொப்பைக்கும்தான்.

இங்கே ஒரு சபைக்குப் போகிறேன். பிழைக்க வந்த இடத்தில் எந்த ஆலயத்திலும் உட்கார இடம் கிடைக்காத நாலு பேர், அந்தக் காலத்தில் ஒரு லாரி ஷெட்டில் தொடங்கிய சபை. அதனால் புதிதாக வருகிறவரை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லாரும் வந்து கைகொடுப்பதைத்தான் பெரிய ஊழியமாக நினைக்கிறார்கள். நானோ வாரம் முழுக்கக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளைத் தவிர எதையும் தொடாதவன். முதல் வாரம் நின்றேன். ருசி கண்டுவிட்டது. வெட்கங்கெட்டுப்போய் வாராவாரம் நின்றேன்!

போன ஞாயிறு பாஸ்டரம்மா பிடித்துவிட்டார்கள். "அண்ணே, நீங்க இன்னுமா புதுசு?" சபையே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். "இனிமே நிக்காதீங்க. நீங்க நம்ம வீட்டு ஆளு" என்றார்கள், பாசமாகத்தான்.

இந்த ஞாயிறு உட்கார்ந்தே இருந்தேன். வீட்டு ஆளுக்கு யார் கைகொடுப்பார்கள்? எல்லாரும் என்னைத் தாண்டி, பின்வரிசையில் நின்ற ஒருவனிடம் போனார்கள். நானும் போய்க் கைகொடுத்தேன். அவன்தான் மெல்லக் கையை உருவிக்கொண்டான்.

தலையணை உறை கிழிந்துவிட்டது. உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன்னவன்