நெற்றியோரத்துப் பூனைமுடி

பிப்ரவரி 9, திங்கள்

இன்றும் சலூனில் நான் வாயைத் திறக்கவில்லை.

இருபது வருஷம் இறுக்கிப் பின்னிப் பின்னி இரண்டு நெற்றிப்பொட்டிலும் முடி போய்விட்டது. அதனால்தான் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டேன். டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: ஆறு மாதம் அங்கே கத்தி படக்கூடாது, பூனைமுடி எழும்பினால் வேர் உயிரோடு இருக்கிறது, எழும்பாவிட்டால் போனதுதான். எங்கள் ஊர்ப் பண்டாமா சந்தை முனையில் சலூன் வைத்திருக்கும் அசியாமா தம்பியோ, முன்முடிக் கோட்டை நேராக்குகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத்தான் முதலில் மழிக்கிறான். முளைக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நானும் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் மருத்துவச்சி; பிரசவ அறையில் என் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். சலூன் பெஞ்சில் ஆறு ஆம்பளைகள் கால்பந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு இங்கே முடி கொட்டிப்போச்சு என்று எப்படிச் சொல்ல?

பிப்ரவரி 10

என் வீட்டுக்காரர் போட்டெங் என் பெயரை இழுத்துச் சொல்லிச் சிரிக்கிறார். "ஊர்ப் பிள்ளைங்கள்ல பாதியை வெளிய இழுத்துப் போட்டவ நீ. ஒரு பார்பர்கிட்ட பேச நாக்கு எழலையா, சேர்வா?"

எழவில்லை. என்ன செய்ய?

மார்ச் 6, வெள்ளி

சொல்லாமல் காட்டிவிட்டேன். மருத்துவச்சிப் படிப்பு முடித்த வருஷத்துப் போட்டோ. அதில் நெற்றியோரம் வளைவாக, நிறைவாக இருக்கும். இந்த வளைவில் கை வைக்காதே என்று அவனே புரிந்துகொள்வான் என்பது என் கணக்கு. போட்டோவை நீட்டி, "இப்படி" என்றேன். பெரிய புத்திசாலி நான்!

வழக்கம்போல மழித்தான். பிறகு முடியில்லாத இடத்திலெல்லாம் கறுப்புச் சாயத்தைத் தீட்டி, போட்டோவில் இருந்த கோட்டை அச்சு அசலாக வரைந்துவிட்டான். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பத்து வயது குறைந்திருந்தது. அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம் - குறை சொல்ல மனசு வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாமியாரின் தம்பியை நேற்று அடக்கம் செய்தோம். நேற்று தலையில் துணி கட்டியிருந்தேன். இன்று எல்லோரும் வெள்ளை உடுத்தி ஆண்டவனுக்கு நன்றி சொல்லும் நாள். பெருமைக்குத் தலையைத் திறந்துகொண்டு போனேன். பந்தலுக்குள் நெருப்பு வெக்கை. மாமியார் உடைந்து அழுதார்கள். கட்டிப் பிடித்துக்கொண்டேன். விலகிப் பார்த்தால் அவர்களுடைய வெள்ளைத் துணியில், தோளில், நாலு விரல் நீளத்துக்குக் கறுப்பு.

"இதென்னடி, சட்டிக் கரியா?" என்றார்கள். அப்புறம் என் நெற்றியில் விரலை ஓட்டி, விரலையே பார்த்தார்கள். கறை உள்ளே போகும்படி துணியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு அழுகை வந்துட்டுது. துக்க வீடாச்சே, ஏன்னு யாரும் கேக்கல.

மார்ச் 9

தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சாயத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. வழவழவென்று இருக்கிறது.

மார்ச் 21, சனி

சொல்லிட்டேன். சொல்லியே விட்டேன்!

பெஞ்சு நிறைய ஆட்கள். அசியாமா கத்தியை எடுத்தான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, இந்த ரெண்டு பக்கமும் எனக்கு முடி கொட்டிப்போச்சு. திரும்ப முளைக்குதான்னு பாக்கணும். கத்தியும் வேண்டாம், சாயமும் வேண்டாம். நடு நெத்தியும் கழுத்தும் மட்டும் சுத்தமா எடு. கோடு கோணலாப் போனாப் போகட்டும்."

பிரசவ அறைக் குரலே வந்துவிட்டது போலிருக்கிறது. யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவன் கத்தியை மேஜையில் வைத்தான். "மொத நாளே எனக்குத் தெரியும், நர்ஸம்மா. பொம்பளைங்ககிட்ட அதைக் கேட்டா மனசு நொந்துபோவாங்க. அதான், இல்லாத இடம் கண்ணுல படாதபடி நேராக்கிட்டே வந்தேன்."

அட பாவி! இத்தனை மாதமும் நான் அவனுக்கு மரியாதை பார்க்க, அவன் எனக்கு மரியாதை பார்க்க, போனது என் முடி. பெஞ்சிலிருந்த டாக்சிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, தன் வழுக்கைக்கும் ஒரு வழி பார்க்கச் சொன்னார். கடையே சிரித்தது. நானும்தான்.

மே 2, சனி

ஒன்றும் இல்லை. அசியாமா விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். முன்பக்கம் கோணல்மாணலாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒருத்தி, விக் வைத்துக்கொள்ளேன் என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஜூலை 4

ஒன்றும் இல்லை. வேர் செத்திருந்தால்? செத்துத்தான் போயிருக்குமோ? போட்டெங் தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறார். பார்க்க வேண்டாம் என்று இன்று எரிந்து விழுந்துவிட்டேன். பாவம் மனுஷன்.

செப்டம்பர் 19, சனி

நடு நெற்றியை முடித்துவிட்டு அசியாமா கத்தியோடு இடது பக்கம் வந்தான், நின்றுவிட்டான். குனிந்து பார்த்தான். விரலால் மெல்ல ஒரு தடவு. வலது பக்கமும் பார்த்தான். அங்கே இன்னும் வெறுமைதான். மறுபடி இடதுக்கு வந்தான்.

"நர்ஸம்மா, இந்தப் பக்கம் கோடு போடணும்னா இப்பப் போடலாம். முடி இருக்கு. போடவா?"

தொட்டுப் பார்த்தேன். விரலில் பூனைமுடி உரசியது.

வேண்டாம், கலைந்தே இருக்கட்டும் என்று சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். வீடு வரும்வரை அங்கிருந்து கையை எடுக்கவில்லை.