பாம்பு உபதேசியாரின் மனைவி

சித்தூர்,
1 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கேசியாவுக்கு,

ஸ்தோத்திரம். போனை எடுக்க மாட்டேன் என்றாய், அதனால் எழுதுகிறேன். திருப்பதியில், உன் தங்கை வீட்டில் சுகமாக இருக்கிறாயா? இங்கே மழை இல்லை. எனக்கு முழங்கால் வலி.

உன் கொள்ளுத் தாத்தா ஞானாபரணம் உபதேசியாரின் கல்லறைக்குக் கல் வைக்கலாமா என்று சபைக் கூட்டத்தில் கேட்டேன். பிரசங்கத்தைப் பாதியில் விட்டுத் தவளைச் சத்தத்தின் பின்னால் போனவர், தொப்பிக்குள் பாம்புக்குட்டி வைத்திருந்தவர் என்று சிரித்தார்கள். இந்த ஜில்லாவின் பாம்புகளையும் தவளைகளையும் அந்தக் காலத்திலேயே பார்த்துப் பார்த்து வரைந்தவர் என்றேன். மூப்பர் எர்னஸ்ட் எழுந்து, "வூட்ல பாம்பு வளத்துக்கினு பொண்டாட்டிய சாவடிச்சவனுக்குக் கல்லு ஒரு கேடா?" என்றார். முடிவைத் தள்ளிவைத்தார்கள். பதினோராம் தேதி மறுபடி கூட்டம். உங்கள் வீட்டில் ஏதாவது சொல்லியிருப்பார்களே?

ஆசிர்

திருப்பதி,
6 ஆகஸ்ட்

அன்புள்ள உங்களுக்கு, கேசியா எழுதுவது.

சுகமே. முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் எங்கள் கொள்ளுத் தாத்தாவைப் பற்றித்தான் பேசினீர்கள். இப்போதும் அதுதான். கோபம் இல்லை, அலுப்பு.

அவர் மனைவி மரியாளைப் பாம்பு கடிக்கவில்லை. ஒரு நாள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு நகரியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் கூப்பிடப் போகவில்லை. ஏரியில் தவளைகள் முட்டையிடும் காலமாம். பெண்சாதி விட்டுப் போனாள் என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொந்தக்காரர்கள்தான் பாம்புக் கதை கட்டினார்கள். "பாம்பு மேல பழியப் போட்டா அது வந்து கேக்கவா போவுது?" என்பார்கள் அம்மா. நகரிக் கல்லறையில் மரியாளின் கல் இருக்கிறது. கிழவியான பிறகுதான் செத்தாள். வருஷத்தைப் போய்ப் பாருங்கள்.

கேசியா

சித்தூர்,
12 ஆகஸ்ட்

அன்புள்ள கேசியாவுக்கு,

நகரிக்குப் போய் அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து வந்து, நேற்றுக் கூட்டத்தில் காட்டினேன். எர்னஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "சரி, பாம்பு கடிக்கல. அப்புறம் இன்னாத்துக்கு அந்தம்மா வூட்ட வுட்டுப் போச்சி?" என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நீ வீட்டை விட்டுப் போன சங்கதி தெரிந்தவர்கள்தானே.

"அவுரு வூட்லதான் இருந்தாரு. ஆனா வூட்ல இல்ல, ஐயா" என்றேன்.

கல் வைக்க ஒப்புக்கொண்டார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை.

உன் தையல் மெஷினை நீ கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன், அதற்காகவாவது வருவாய் என்று. புதன்கிழமை திருப்பதிக்கு வரும் வெங்கட் வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். எண்ணெய் போட்டிருக்கிறேன். நன்றாக ஓடுகிறதா என்று மட்டும் எழுது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஆசிர்