இளமதி அக்காவின் தாம்பூலப் பை

அன்புள்ள நைனாவுக்கு, பிரபா வணங்கி எழுதுவது. இருமல் தேவலையா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் அம்மா காதில் விழும். அதனால் உத்திரமேரூருக்கு வரும் நம் தெரு ஜான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஷார்ஜாவில் இப்போது பிளாஸ்டிக் பை கிடையாது. ஆளாளுக்கு வீட்டுப் பையைக் கொண்டுவந்து, கடையில் நான் பில் போடும் இடத்தில் வைக்கிறார்கள். மீன் நாற்றமோ, கரப்பான் பூச்சியோ, முகம் சுளிக்காமல் நாங்கள்தான் சாமானை எடுத்து வைக்க வேண்டும். போன வாரம் ஒருவர் நீட்டிய மஞ்சள் பையை மனசுக்குள் திட்டிக்கொண்டே உதறினேன். அழுக்குக்கு அடியில் இளமதி என்ற பெயரும் அந்தக் கல்யாணத் தேதியும் இருந்தன. அக்காவின் தாம்பூலப் பை.

கல்யாணத்துக்கு முன்பே அக்கா செத்துப்போனதும், அச்சடித்த பைகளையெல்லாம் கொளுத்திவிட்டேன் என்றீர்களே, நைனா?

"இது ஏதுண்ணா?" என்றேன்.

"உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பெரியவரு குடுத்தாரும்மா. முகூர்த்த நாளானா தேங்கா, வெத்தல போட்டுக் குடுத்துக்கினு கீறாரு. பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாம்."

அரிசி, பருப்பெல்லாம் அடுக்கிக் கொடுத்தேன். பையோடு போய்விட்டார். வேறொன்றுமில்லை, பயப்படாதீர்கள். அன்றிலிருந்து எந்த அழுக்குப் பை வந்தாலும் புரட்டிப் பார்த்துப் பெயர் தேடுகிறேன், அவ்வளவுதான்.

ஜான் வாசலில் அவசரப்படுத்துகிறார். அவர் திரும்பி வரும்போது சுக்குப்பொடியும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புங்கள். அக்காவின் பை ஒன்றிலேயே போடுங்கள். தேங்காய், வெற்றிலையும் வையுங்கள். ஊருக்கெல்லாம் கொடுத்தீர்கள், கூடப் பிறந்தவளுக்குத் தரவில்லையே.

பிரபா