பை நிறையச் சிவப்புக் குப்பி

அன்பு வாலுவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கும் புது ஆளும் சௌக்கியம்தானே? டாக்டரம்மா சொன்னபடி படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் இருக்கிறாயா என்று உன்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, அதை மாப்பிள்ளையிடமே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது. அன்றைக்குப் போனில் "அப்பா, சும்மா படுத்துக் கிடக்க முடியலப்பா, உங்க பழைய மந்திரவாதி கம்ப்யூட்டர் கேம் எதையாவது சொல்லுங்களேன்" என்று கேட்டாயே, அப்போது நான் ஒரு லிஃப்டின் மோட்டார் ரூமில் கையெல்லாம் கிரீஸோடு நின்றிருந்தேன். சந்தோஷத்தில் ஸ்பேனரைக் காலிலேயே போட்டுக்கொண்டேன். எத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்குக் காத்திருக்கிறேன் தெரியுமா? நீ காதில் அந்தப் பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊர் பேர் தெரியாதவனையெல்லாம் சுட்டுத் தள்ளிய காலத்தில், என் கேமைப் பார்த்து "கட்டம் கட்டமா இருக்கு, எது மூஞ்சி எது முதுகுன்னே தெரியல" என்று கிண்டல் பண்ணியவள்தானே நீ! இப்போது வந்தாயா வழிக்கு? பழைய கேமின் அருமையே அது உனக்காகக் காத்திருக்கும் என்பதுதான். நான் டூட்டியில் இருக்கும்போது எந்த நிமிஷமும் போன் வரும், யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துவார்கள், அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். ஆளை வெளியே எடுத்து, தண்ணீர் கொடுத்து, திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் திரையில் பூதம் ஓங்கிய கத்தியோடு அப்படியே நிற்கும், பாவம். என் முறை முடியாமல் அதனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. படபடப்பு கூடாது என்று டாக்டர் சொன்ன உனக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் முதலில் சொன்ன சாம்பல் கோட்டையை மாப்பிள்ளை இறக்கிக் கொடுத்துவிட்டார், சந்தோஷம். இன்னும் இரண்டு கேமை இந்தக் கூரியரில் இருக்கும் பென் டிரைவில் போட்டிருக்கிறேன், உன் ஓட்டை லேப்டாப்பில்கூட ஓடும். முதலில் உப்பு ராஜ்ஜியம். கடல் வற்றிப்போய் கப்பலெல்லாம் மணலில் நிற்கும் ஊர். ஆரம்பத்தில் ஊருக்குள் மூட்டை தூக்குவதைத் தவிர வேலையே இருக்காது, கொட்டாவி வரும், மூடி வைத்துவிடாதே, நகர வாசலைத் தாண்டினாயானால் அப்புறம் சோறு தண்ணி மறந்துபோகும். அதில் ஒரு குண்டு வியாபாரி கூட வருகிறேன் என்பான், கத்தி பிடிக்கத் தெரியாது, நடந்தால் மூச்சு வாங்கும். அவனைச் சத்திரத்தில் விட்டுவிட்டுப் போய்விடாதே, ஏன் என்று மட்டும் கேட்காதே, ஐயோ சொல்லிவிடத் துடிக்கிறது, சொல்லமாட்டேன்! அடுத்தது மணிக்கூண்டு. அதில் மேப் கிடையாது, போகிற வழியை நீயேதான் வரைய வேண்டும், கட்டம் போட்ட தாளும் வைத்திருக்கிறேன். நான் வரைந்ததை உனக்குத் தரமாட்டேன். அதை அம்மா ஆபீஸ் பேப்பர் என்று நினைத்து என் பையில் செருகிவிட, எங்கள் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் விரித்துப் பார்த்து, "யோவ், இது எந்த பில்டிங்குய்யா, மூணாவது மாடியில டிராகன்னு போட்டிருக்க, அங்க லிஃப்ட் நிக்கணுமா வேண்டாமா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார். இப்போது அவரும் ரகசியமாக ஆடுகிறார், இரண்டாவது மாடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்.

நேற்று நீ வீடியோவில் காட்டினாயே, அதை நினைத்து நினைத்து இன்னும் சிரிக்கிறேன். சாம்பல் ராணியிடம் உன் ஆட்கள் நாலு பேரும் செத்துக் கிடக்கிறார்கள், நீயும் மூக்கைச் சிந்திக்கொண்டு "ரொம்பக் கஷ்டம்ப்பா, என்னால முடியல" என்கிறாய். பையைத் திற பார்க்கலாம் என்றேன். அடி என் தங்கமே! தொண்ணூற்றொன்பது சிவப்புக் குப்பி, அத்தனையும் உயிர் மருந்து! அதற்குமேல் அந்தப் பை கொள்ளாது! ஒரு வாய் ஊற்றியிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார்களே, ஏன் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்று கேட்டால், "அப்புறம் இன்னும் கஷ்டமா வந்தா வேணும்ல" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்ததில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அப்பனுக்கும் பொண்ணுக்கும் முத்திப்போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு மாப்பிள்ளை தனியாகப் போன் செய்தார். அவரைத் திட்டாதே, பயந்துபோய்த்தான் சொன்னார். "மாமா, நான் வேலைக்குக் கிளம்பினதும் இவ எழுந்து துணி துவைக்கிறா, வீட்டைப் பெருக்குறா. முந்தாநாள் லேசா ரத்தம் பட்டிருச்சு, டாக்டர் சத்தம் போட்டாங்க, உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை வாலு. குழந்தை நன்றாக இருக்கிறது என்று அவரை மூன்று தரம் சொல்லவைத்தேன். எங்களைக் கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்டதற்கு, நீ சொன்னதை அப்படியே சொன்னார். "அவங்க லீவைச் சேர்த்து வைக்கட்டும், பிறந்தப்புறம்தான் கஷ்டமே, அப்போ வேணும்ல" என்றாயாமே. வேணும்லவாம்! உன் ஆட்கள் செத்துக் கிடந்தபோது சொன்ன அதே வார்த்தை. அப்புறம் என்னம்மா அப்புறம், இப்போது வேண்டாமா?

உன் கணக்குப்படியே வருகிறேன். அம்மா பெரிய குப்பி, அவள் ஸ்கூலில் பரீட்சையும் நடக்கிறது, அவளைப் பிரசவத்துக்கே வைத்துக்கொள். நான் சின்னக் குப்பி, வைத்துக்கொண்டிருந்தால் வீணாகிவிடுவேன். எனக்கு ஒழுங்காகச் சோறு வடிக்க வராது, குழைந்துவிடும், ஆனால் துணி நன்றாகத் துவைப்பேன், கிரீஸ் கறையே போக்குகிறவன் நான். சூப்பர்வைசர் லீவு கொடுத்துவிட்டார், மூன்றாவது மாடிக்குப் படி எங்கே என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். போனில் சொன்னால் "வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ ஆட வேண்டியதை ஆடிவிட்டாய், இது என் முறை, நான் முடிக்கும்வரை நீ அசையக்கூடாது. சனிக்கிழமை காலையில் உன் வீட்டு வாசலில் நிற்பேன், கதவைத் திறக்க நீ எழுந்து வராதே, மாப்பிள்ளை திறக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இடது பக்கமாகவே படு. அம்மா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், அதையும் நேரிலேயே எடுத்து வருகிறேன். சாம்பல் ராணியை நான் வரும்வரை தொடாதே. அவள் கத்தியை ஓங்கிக்கொண்டு நிற்கட்டும், நமக்கென்ன அவசரம், பை நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உன் சின்னக் குப்பி,
அப்பா