முடிந்ததாக எழுதப்பட்ட நோய்க்கு மீண்டும் ரத்தம் எடுக்கக் கோருதல்

அனுப்புநர்:
க. இளையபெருமாள்,
படகு எஞ்சின் மெக்கானிக்,
திருவேட்டக்குடி, காரைக்கால்.

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
நலவழித்துறை, காரைக்கால்.

பொருள்: எச்.ஐ.வி. உள்ள என் அக்காள் மகனுக்கு, சிபிலிஸ் என்னும் மேகநோய்க்கான ரத்தப் பரிசோதனையை டாக்டர் குறித்த தேதிகளில் இரண்டு ஆண்டுகள் செய்துவர ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மாண்பும் கருணையும் நிறைந்த ஐயா,

1. முதலில் நற்செய்தி. அவனுக்குக் கண் தெரிகிறது. சென்ற வாரம் கரையில் நின்றபடியே, ஐந்து மைல் தள்ளி வந்த படகின் பதிவு எண்ணைப் படித்தான். ஐந்து மைலை அலுவலக நடைமுறைப்படி குறைத்துக்கொள்ளலாம், படித்தது உண்மை. பிப்ரவரியில் இதே ஆள், எதிரே நின்ற என்னைப் பார்த்து "யாருங்க அது?" என்று கேட்டான். நூற்றுப்பத்து கிலோ எடையுள்ள என்னை.

2. அவன் பெயர் இம்மனுவில் இல்லை. எனக்கு நான்கு அக்காள்மார், ஒன்பது மருமகன்கள், ஒன்பது பேரும் கடல் தொழில். எவன் என்று ஊர் ஆராய்ந்துகொண்டே இருக்கட்டும். பெயர், ஆஸ்பத்திரி, அட்டை எண் மூன்றும் அவன் சம்மதத்தோடு, அரக்கு வைத்த உறையில் உள்ளன.

3. எச்.ஐ.வி. இருப்பது 2006-இலேயே தெரியும். ஆலோசனை அறையில் ஓர் அட்டை தந்தார்கள். சென்ற ஆகஸ்டில் உள்ளங்கையில் தடிப்பு வந்தது. தோல் பிரிவில் சிபிலிஸ் என்று சொல்லி, பென்சிலின் ஊசி போட்டு இன்னோர் அட்டை தந்தார்கள். "வேற ஏதாச்சும் வியாதி இருக்கா?" என்றும் கேட்டார்கள். இல்லை என்றான்.

4. அப்படிச் சொல்லச் சொன்னவர் யார் என்று தாங்கள் கேட்கக்கூடும். நான்தான். "மாப்ளே, ஒரு ரூம்ல ஒரு வியாதிதான். ரெண்டையும் சொன்னா ரெண்டு ரூம்லயும் வெளியில நிறுத்திடுவாங்க" என்று வழி சொல்லிவிட்டு, பாண்டிச்சேரி மாநிலத்துக்கே மந்திரியாகத் தகுந்த மூளை என்று மீசையையும் முறுக்கிக்கொண்டேன்.

5. ஆறு மாதத்தில் கண் மங்கியது. கண் முகாமில் கண்ணாடி தந்தார்கள். மூக்குக்கு அழகாக இருந்தது. பிறகு புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார். எச்.ஐ.வி. உடம்பின் காவலைத் தளர்த்திவிட்டால், சிபிலிஸ் சிலருக்குக் கண்ணுக்கும் மூளைக்கும் சீக்கிரமே ஏறிவிடுமாம். மருந்து கொடுத்தபின்பும் ரத்தத்தில் நோயின் அளவு மெதுவாகத்தான் இறங்கலாம், மறுபடி ஏறவும் செய்யலாமாம். "முன்னாடியே சொல்லியிருந்தா விடாம ரத்தம் பார்த்திருப்போமே" என்றார். அவனைப் பார்த்துத்தான் சொன்னார், வியர்த்தது எனக்கு.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பதினான்கு நாள், நரம்பு வழியாகப் பென்சிலின். எண்பத்துநான்கு தடவை ஐயா. போர்க்களத்தில்கூட ஒரு மனிதனை இத்தனை தடவை குத்தியிருக்க மாட்டார்கள். வலக்கண் முழுதாகத் திரும்பியது. இடக்கண் பாதி.

6. இப்போது குறை. அந்தச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆனதும் டாக்டரம்மாவின் கடிதத்தோடு இங்குள்ள ஆய்வகத்துக்குப் போனோம். ஊழியர் பழைய பதிவேட்டைப் பிரித்து, "சிகிச்சை முடிஞ்சதுன்னு இருக்கே. முடிஞ்ச வியாதிக்கு எப்படிங்க ரத்தம் எடுக்கறது?" என்றார். மூன்று முறை போனோம். மூன்று முறையும் நோய் முடிந்தே இருந்தது. அந்த வரி ஆகஸ்டு ஊசியன்று எழுதியது. கண் போனது அதற்குப் பிறகு.

7. எனவே, அந்த வரியைத் திருத்தி அவனுக்கு ரத்தம் எடுக்க ஆணையிட வேண்டுகிறேன். ஒரு நோயைச் சொன்னதற்காக இன்னொன்றுக்கு யாரையும் விரட்டமாட்டோம் என்று இரு அறைகளின் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கவும் வேண்டுகிறேன். என்னைப் போன்ற அறிவாளிகள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் உண்டு.

வரும் சனிக்கிழமை அவன் தங்கல் படகில் ஏற வேண்டும். கரை திரும்ப இருபது நாள் ஆகும். வெள்ளிக்குள் ஆணை வந்தால் ரத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்புவான். வராவிட்டால் நான் கிளம்பவிட மாட்டேன். அவன் என்னைத் திட்டுவதையும் கேட்டுக்கொள்வேன். பொய் சொல்லச் சொன்ன குற்றத்துக்கு என்மீது எந்த நடவடிக்கையும் எடுங்கள், எத்தனை நாள் கழித்து வேண்டுமானாலும் எடுங்கள். அவன் இடக்கண்ணுக்கு மட்டும் தவணை கேட்க முடியவில்லை, ஐயா.

இடம்: திருவேட்டக்குடி
நாள்: 16.06.2008

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
க. இளையபெருமாள்

இணைப்பு: அரக்கு வைத்த உறை – 1