நடுவில் நிற்பவள்

ஜனவரி 14, 2025

மாடி அறையில் ஸ்பீக்கர்கள் இன்றும் யாருக்குமில்லாமல் பாடின.

என் மாப்பிள்ளை ஹம்தான் தோஹாவிலிருந்து கார்கோவில் அனுப்பியவை. புது ஸ்பீக்கர் இறுக்கமாக இருக்குமாம். வாரக்கணக்கில் ஓடினால்தான் குரல் திறக்குமாம். "நான் வாரதுக்குள்ள பழக்கி வை, ஹனீன்." காலையில் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போகிறேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் உம்மா மேலேறி நிறுத்துகிறார். பிறகு மறுபடி ஏறிப் போடுகிறார்.

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை வந்து தங்குவார். உம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது: "ஊருல எல்லா வீட்டுக்கும் மாப்பிள்ளை வாராரு. நம்ம வீட்டுக்குப் பெட்டி வருது."

ஜனவரி 26

வீடியோ அழைப்பில் அவன் சொல்லச் சொல்ல நூல் பிடித்து அளந்தேன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி. முக்கோணம். மூன்று இடத்திலும் சாக்பீஸ் கோடு. ஒரு விரல்கூட நகர்த்தாதே என்றான்.

நாற்காலி அவனுக்கு. நான் சுவரோரம், தரையில் — என் வீட்டில் நான் யார்?

பிப்ரவரி 8

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பழைய சினிமாப் பாட்டு ஒன்று. பாடுகிறவள் இந்தப் பெட்டியிலும் இல்லை, அந்தப் பெட்டியிலும் இல்லை. நடுவே, வெறும் சுவருக்கு முன்னால், நின்று பாடினாள். உதடு பிரியும் ஓசைகூடக் கேட்டது. எழுந்துபோய் அந்த இடத்தில் கையை நீட்டினேன். காற்று. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி நின்றாள்.

ஒன்றுமில்லாத இடத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு ஆள். கல்யாண லீவு முடிந்து அவன் போனதிலிருந்து நான் செய்துகொண்டிருப்பதும் இதைத்தானே. ஸ்பீக்கர் இல்லாமல்.

பிப்ரவரி 9

உட்கார்ந்ததை அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 5

நோன்பு. பெட்டிகளுக்கும் ஓய்வு. உப்புக்காற்றுக்குப் பயந்து என் பழைய தாவணியால் போர்த்தி வைத்தேன். பெருநாளைக்கு வருகிறான்.

மார்ச் 27

வரவில்லை. லீவு தள்ளிப் போய்விட்டது.

இன்னொன்றும் சொன்னான். கம்பெனியில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? "நல்லாப் பழகியிருக்கும்லா. இங்கன வச்சுக் கேக்கேன்."

நானும் வரட்டுமா என்றேன். சிரித்தான். விசா இல்லை, அறை சின்னது.

பெட்டிக்கு எடம் இருக்கு. எனக்கு இல்ல. சரிதான் மச்சான், ரொம்பச் சரி.

ஏப்ரல் 10

இங்கிருந்து அங்கே போவது மாசிக் கருவாடும் அல்வாவும்தான், ஸ்பீக்கர் போனதாகக் கேட்டதே இல்லை என்கிறார் உம்மா.

ஏப்ரல் 12

தூத்துக்குடி போய்க் கார்கோவில் போட்டேன். கட்டுப் போடுகிற அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒண்ணுதானாம்மா? இது ஜோடியால்லா இருக்கும்?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

வலது பக்கத்துப் பெட்டி.

ஏப்ரல் 13

இடது பெட்டியை மட்டும் பாடவிட்டேன். அவள் நடுவை விட்டுவிட்டு மூலையில் ஒதுங்கி நின்றாள்.

மே 3

பெட்டி அவனிடம் சேர்ந்துவிட்டது. உடனே அழைத்தான்.

"ஏளா, மத்தது எங்க?"

"இங்கன இருக்கு."

"ஒத்தப் பெட்டிய வச்சு நான் என்ன செய்ய?"

"நானும் அதத்தான் யோசிக்கேன், மச்சான்."

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் அதே பாட்டைப் போட்டுப் பார்ப்போம் என்றான். போட்டோம். போன் வழியே அவன் பக்கத்துப் பாட்டு ஒரு மூச்சு பிந்தி வந்தது. மறுபடி போட்டோம். மறுபடியும் பிந்தியது. இரண்டுக்கும் நடுவே அவள் நின்றிருந்தால் கடலில்தான் நின்றிருக்க வேண்டும்.

"இது சேராது, ஹனீன்" என்றான். அந்தக் குரலை நான் இதற்குமுன் கேட்டதில்லை.

மே 11

போன் இல்லை.

மே 19

இல்லை. தப்புப் பண்ணிட்டேனோ? கேட்டபடி ரெண்டையும் அனுப்பித் தொலைச்சிருக்கலாம்ல — இல்லை. அனுப்பியிருந்தால் அவன் அங்கே உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்டிருப்பான்.

ஜூன் 5

காலையில் வாசலில் வாடகைக் கார். ஓட்டுநரும் அவனும் அந்தப் பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"பெட்டி வந்துட்டு. கூட யாரோ வந்திருக்காவ."

ஜூன் 8

லீவு சின்னதுதான். அதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

பெட்டிகளை அவன் பழைய கோட்டில் வைத்தான். நான் கீழே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்தேன். அவன் நாற்காலியைக் கோட்டிலிருந்து தள்ளி, என்னுடையதைப் பக்கத்தில் போட்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"நடு போயிட்டே."

"ஆமா."

நூலை எடுப்பான் என்று பார்த்தேன். எடுக்கவில்லை.